உடைந்தபோது எரியவில்லை

"லைற் பழுது" என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரையும் அவர் நம்பமாட்டார். பழுது என்பது நீங்கள் நினைப்பது, எனக்கு நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள் என்பார். எந்தப் பக்கம் முதலில் மங்கியது, திடீரென்று போனதா, கொஞ்சம் கொஞ்சமாகப் போனதா, பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது மினுங்கியதா, ஹோர்ன் அடித்தால் வெளிச்சம் குறைகிறதா, எல்லாம் கேட்டு முடிக்கும்வரை பொனற்றில் கை வைக்கமாட்டார். அவசரக்காரர்களுக்கு இது பொறுக்காது. எனக்கும் பொறுக்கவில்லை. அதனால் நடந்ததையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டை முடிந்து ஊர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. நான் மன்னார்ப் பக்கத்துத் தாழ்வுபாட்டுத் தமிழ் ஆள். பழைய வான் ஒன்றை வாங்கி மன்னாருக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சிலாவத்துறைக்காரர். தொண்ணூறில் தமிழ் இயக்கம் துவக்கைக் காட்டி ஊரைவிட்டு அனுப்பிய முஸ்லிம் சனத்தோடு சனமாகப் போய், புத்தளத்தில் இருபது வருடத்துக்குமேல் இருந்து, அங்கே வாகன வயறிங் பழகி, தலை நரைத்தபின் திரும்பி வந்தவர். பற்றை வெட்டித் துப்புரவாக்கிய காணியில் நாலு மரம் நட்டு, மேலே தகரம், பக்கத்துக்குத் தறப்பாள். அதுதான் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. எல்லோரும் வயறிங் நானா என்றார்கள், நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், நானும் அப்படியே கூப்பிட்டேன். உண்மைப் பெயர் தெரியும். அதை எழுதலாமா என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை, ஆகையால் விடுகிறேன்.

மெலிந்த ஆள். வயரின் தோலை எப்போதும் முன்பல்லால்தான் உரிப்பார். அதனால் அந்தப் பல்லில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தது. வயர் சூடாகிறதா என்று பார்க்க விரலை நம்பமாட்டார், விரல்கள் காய்ச்சுப்போய்விட்டனவாம். குனிந்து கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள், என்ன இந்த மனிசன் வயரைக் கொஞ்சுகிறார் என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். வேலை நேரத்தில் அவர் முகம் யாரோடோ கோபம்போல இருக்கும்.

ஒருமுறை உள்நாட்டுப் பக்கத்து வயல்காரர் ஒருவர் உழவு இயந்திரத்தோடு வந்தார். ஒரு மாதத்தில் மூன்று பல்ப் போய்விட்டது, நாலாவதைப் பூட்டித் தாருங்கள் என்றார். நானா பல்பை வாங்கித் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, வேகத்தைக் கூட்டச் சொன்னார். மற்றப் பக்கத்து லைற் மஞ்சளிலிருந்து வெள்ளையாகி, நீலம் பாரித்தது. "பல்ப் தானாச் சாகல்ல. கூடக் கரண்ட் குடுத்துக் கொல்றீங்க" என்றார். சார்ஜ் ஏற்றும் பாகத்தைத் திருத்தி முடித்த பிறகுதான் பல்பைப் பையிலிருந்து எடுத்தார்.

இன்னொன்றை என் கண்ணால் கண்டேன். பக்கத்து இராணுவ முகாமொன்றின் ஜீப். முன் லைற் இரண்டும் ஒரேயடியாகப் போய்விட்டதென்று அதிகாரி ஒருவரும் இரண்டு சிப்பாய்களும் கொண்டுவந்திருந்தார்கள். நானாவுக்குப் புத்தளத்தில் பழகிய நல்ல சிங்களம். வழக்கம்போலக் கேள்விகள். அதிகாரி பொறுமையில்லாமல் பதில் சொன்னார். நானா கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார். வயர் அறுந்திருக்கிறது, எலி கடித்ததல்ல, கத்தியால் வெட்டியது என்றார். அந்த நாட்களில் முகாம் வண்டியில் வயர் வெட்டப்பட்டது என்றால் அது சின்னக் கதையில்லை, யாரோ ஒருவரைக் கொண்டுபோவார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மெல்ல வெளியே போகப் பார்த்தேன். யார் வெட்டியது என்று அதிகாரி கேட்டார். வெட்டியவரின் பெயர் வயரில் இல்லை என்று நானா சொன்னார். எலி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஊருக்குள் ஒருவனைக் காட்டியிருந்தாலும் அவருக்கு ஒன்றும் வந்திராது. இரண்டும் செய்யவில்லை. அதிகாரி அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயரை ஒட்டுவித்துக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமை நானா வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். வெட்டியது முகாமுக்குள்ளேயே ஒருவனாம், லீவு கிடைக்காத கோபமாம்.

கண்டதற்கு மேலே ஒரு சொல் சொல்லமாட்டார். கண்டதில் ஒரு சொல் குறைக்கவும் மாட்டார். அவரோடு பழகுவதில் இருந்த சங்கடமே அதுதான்.

என் வானின் வலது லைற் மங்கத் தொடங்கியது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில். உயர் வெளிச்சத்துக்குத் தட்டினால் கூடுவதற்குப் பதில் இன்னும் குறைந்தது. நானா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், வயரை உதட்டில் வைத்துப் பார்த்தார். பல்புக்குக் கரண்ட் போகிறது, திரும்பி வருகிற வழிதான் கெட்டிருக்கிறது என்றார். அந்த வழி வண்டியின் இரும்பு உடம்புதான். ஒரு சின்ன முறுக்காணியால் வயரை உடம்போடு இறுக்கியிருப்பார்கள். உப்புக்காற்றில் ஆணியின் அடி துருப்பிடித்துக் கிடந்தது. ஆணியைக் கழற்றித் தட்டி, திரும்ப இறுக்கினார். லைற் பளிச்சென்று எரிந்தது. நேரம் மூன்றரை.

நான் வான் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"தம்பி, எரியுது. ஆனா நான் இன்னும் முடிக்கல்ல" என்றார். "துருவுக்கு மேலதான் முறுக்கியிருக்கு. இடத்தச் சுரண்டி இரும்பு தெரியணும், புது வயரும் போடணும். காலை வரைக்கும் விட்டுட்டுப் போங்க."

மன்னாரில் கந்தோர் ஆட்களை ஏற்றி இறக்கும் மாத ஓட்டம் ஒன்று எனக்குக் கிடைத்து இரண்டு கிழமைதான். ஒருநாள் பிந்தினால் வேறு வான் பிடித்துவிடுவார்கள். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் பொனற்றை மூடவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எரியுதுதானே நானா. உங்களுக்கு ஒரு வேலையையும் முடிச்சுக் குடுக்க மனம் வராது. மூடுங்கோ, நான் போக வேணும்."

கையில் திருப்புளியோடு கொஞ்ச நேரம் நின்றார். அவர் இணங்கி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். பொனற்றை மூடிவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றார். நான் மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆட்களை இறக்கிவிட்டு, சிலாவத்துறையில் சாமான் ஏற்றுவதற்காக வெறும் வானோடு தனியாக வந்தேன். அரிப்பைத் தாண்டி வரும்போது சூரியன் கடலுக்குள் இறங்கிவிட்டது. றோட்டு அப்போது திருத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு துண்டு தார், ஒரு துண்டு கல். லைற்றைப் போட்டேன். மேற்கில் இன்னும் சிவப்பு இருந்ததால் முன்னால் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அது தன் பக்கத்தில் கிடந்த கல்குவியலை விலத்தி நடு றோட்டுக்கு வந்தது. நான் பிறேக்கை மிதித்தேன். சக்கரம் கல்லில் வழுக்கியது. வானின் வலது மூலை இடித்தது.

சைக்கிளில் வந்தவருக்கு ஹனீபா என்று பெயர். முப்பது வயது இருக்கும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, குடும்பத்தைத் தறப்பாளுக்குள் இருத்திவிட்டு, தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தவர். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குச் சலாகை மரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோதுதான் நான் இடித்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து மடங்கிக் கிடந்தது. அந்த வழியால் வந்த பிக்கப் ஒன்றில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது அவர் கத்தவில்லை. சலாகையை எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு நான் தனியாக நின்றேன். சைக்கிள்களில், மோட்டார் சைக்கிள்களில், ஓட்டமாகவும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். லைற் போடாமல் வந்தான் என்று ஒருவர் சொன்னார். நான் இரண்டும் எரிந்தது என்றேன். இடது லைற் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது, கையால் காட்டினேன். வலது பக்கம் கண்ணாடியும் உள்ளே பல்பும் உடைந்து கிடந்தன. இடித்ததில் உடைந்தது என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். சத்தம் கூடிக்கொண்டே போனது. யாரோ என் சேட்டைப் பிடித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், சத்தமாகக்கூட இல்லை, இப்படிச் சொன்னது: "அண்டைக்கு அனுப்பினதும் நீங்க. இண்டைக்குத் திரும்பி வந்தவன இடிக்கிறதும் நீங்க."

நான் யாரையும் அனுப்பியவன் இல்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மஃரிப் தொழுது முடித்த தொப்பியோடு நானா வந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, லைற்றில் யாராவது கை வைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றார்கள். ஒருவரிடம் ரோர்ச் லைற் வாங்கினார். குந்தியிருந்து, பைக்குள்ளிருந்த லேஞ்சித் துணியால் பிடித்து, உடைந்த பல்பின் அடியை மெல்லச் சுழற்றி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு அந்த ஆணியைத் தடவினார்.

அவர் என்ன பார்த்தார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. எரிந்துகொண்டிருக்கும்போது பல்ப் உடைந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி காற்றுப் பட்டுக் கருகிப்போகும், மேலே வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பொடி பூக்கும். எரியாமல் இருந்தபோது உடைந்தால் கம்பி வெள்ளிபோல மினுங்கும். அங்கே நின்ற நாற்பது பேரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எரிந்தது என்று அவர் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நானும் தப்பியிருப்பேன், அவரும் தப்பியிருப்பார்.

அவர் எழும்பினார்.

"இது உடஞ்ச நேரம் எரியல்ல" என்றார். "ஹனீபாக்கு ஒரு லைற்தான் தெரிஞ்சிருக்கும். அந்தக் கரையில மோட்டார் சைக்கிள் வருதெண்டு நினச்சிருப்பான்."

கூட்டம் ஒரு அடி என் பக்கம் நகர்ந்தது. என் சேட்டைப் பிடித்திருந்த கை இறுகியது. நானா தன் கையைத் தூக்கினார். பல்ப் இன்னும் அந்த லேஞ்சிக்குள் இருந்தது.

"நில்லுங்க, சொல்லி முடிக்கல்ல. மூணு நாளைக்கு முந்தி இந்த லைற்ற நான்தான் செய்துகுடுத்தன். துருவுக்கு மேல ஆணிய முறுக்கிக் குடுத்திருக்கன். அது கல்லு றோட்டில கழண்டிருக்கு. வேலை என்ட. பிழையும் என்ட."

அவ்வளவுதான். நான் அவசரப்படுத்தியதை இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பிடித்திருந்த கை மெல்ல விட்டது. ஆட்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். அவரை எல்லோருக்கும் தெரியும், அவர் தங்கள் ஆள். அதனால் அடிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பொலிஸ் வந்தபோதும் அதையே சொன்னார். என்னிடம் கேட்டபோது, லைற் எரிகிறதென்று நம்பித்தான் வந்தேன் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழுவதும் உண்மையும் இல்லை.

வழக்கு எனக்குப் பெரிய பாதகமில்லாமல் முடிந்தது. நானாவுக்கு அப்படி முடியவில்லை. அவர் கராஜுக்கு வண்டி வருவது நின்றுபோனது. கால் முறிக்கிற வயறிங் என்று சந்தியில் பகிடி பேசினார்கள். முன்பு அவர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள்கூட மன்னாருக்குப் போய்ச் செய்வித்தார்கள். நானும் மன்னாரில்தான் புது லைற் பூட்டினேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். மாரி தொடங்கியது. ஹனீபா வீட்டுச் சுவர் கூரையில்லாமல் நனைந்துகொண்டு நிற்பதை ஒவ்வொரு நாளும் வானிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன்.

நானா திரும்பவும் புத்தளத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். தறப்பாளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடம் காத்திருந்து வந்த ஊரைவிட்டு இரண்டாம் தடவை போகிற மனிதர். நான் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான்தான் அவசரப்படுத்தினேன், நீங்கள் விட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை என்றேன். ஏன் அதை அங்கே சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"நீங்க அவசரப்படுத்தினது உண்மை. இணங்கினது நான். என்ட பங்க நான் சொல்லிட்டன்" என்றார். "ஒங்கட பங்க நான் எப்பிடிச் சொல்றது, தம்பி?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

அதன்பிறகு அவரை நான் நேரில் காணவில்லை. அவர் ஊருக்குத் திரும்பவுமில்லை. சில வருடங்கள் கழித்துப் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தது. குரலை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன். அவர் போன மறு கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை.

அன்று ஜும்மா முடியும்வரை பள்ளிவாசலுக்கு எதிரே வானை நிறுத்தி உள்ளேயே இருந்தேன். வீட்டில் மனைவியிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. ஆட்கள் வெளியே வரத் தொடங்கியதும் இறங்கினேன். ஹனீபா இரண்டு ஊன்றுகோல்களோடு கடைசியாக வந்தார். படியடியில் நிறுத்தி, எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றேன். தனியே பேசலாம் என்று அவர் ஒதுங்கப் பார்த்தார். தனியே சொன்னால் போதாது, நானாவைப் பற்றி எல்லோரும்தான் கதைத்தீர்கள், எல்லோரும் கேட்க வேண்டும் என்றேன். தொடங்கியபிறகு நிறுத்தவில்லை. மூன்றரை மணி, திறப்பு, நான் சொன்ன சொல், அவர் திருப்புளியோடு நின்றது, எல்லாம் சொன்னேன்.

நான் முடித்ததும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்து அந்த மனுஷனைத் துரத்திவிட்டான் என்று ஒருவன் சொன்னான். எனக்கும் வானுக்கும் நடுவில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?" என்று ஹனீபா கேட்டார்.

"பயந்திட்டன்."

"அவருக்கும் பயமாத்தானே இருந்திருக்கும்."

ஹனீபா ஒரு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, போனை எடுத்து நானாவுக்கு அடித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். நான் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லி, பிழை உங்களுடையது இல்லையாம், திரும்பி வாருங்கள் என்றார்.

மறுபக்கம் வாகனச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"என்ட பிழை இல்லாமப் போகல்ல ஹனீபா. அது இருக்கு. அவர் தன்ட பங்கச் சொல்லியிருக்கார், அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "அவரச் சுத்தி ஆக்கள் நிக்கிறாங்களா?"

ஹனீபா நிமிர்ந்து பார்த்தார். "நிக்கிறாங்க."

"அதுக்குத்தான் அண்டைக்கு நான் அவர்ட கதய எடுக்கல்ல. நீ கூட நடந்து போய் அவர வானில ஏத்தி விடு."

ஹனீபா போனைப் பைக்குள் வைத்தார். சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். எனக்கு முன்னால் நடந்தார். வான் நின்ற இடம் ஐம்பது அறுபது அடி இருக்கும். மழை ஈரத்தில் ஊன்றுகோல் புதைந்தது, ஒவ்வொரு அடிக்கும் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. பிடிக்கவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒருவன் குறுக்கே வந்து நின்றான். ஹனீபா வேகத்தைக் குறைக்கவுமில்லை, அவனோடு பேசவுமில்லை. அவன் விலக வேண்டியிருந்தது.

நான் ஏறி இருந்ததும் கதவைத் தன் கையால் சாத்தினார். போங்கள் என்று தலையால் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வளைவில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஹனீபா இன்னும் திரும்பிப் போகவில்லை. முறிந்த காலைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தடிகளிலும் முழுப் பாரத்தையும் போட்டு, எனக்கு முதுகு காட்டி, அந்த ஆட்களைப் பார்த்தபடி நடு றோட்டில் நின்றார்.